போயிட்டு வாறேன் என்ற பிறகு

மனிதர் பேசாமல் இருக்கும் நேரத்தை அளந்து சம்பளம் வாங்கியவள் நான். சொன்னால் சிரிப்பார்கள். இப்போது கண்டியில் ஒரு காரியாலயத்தில் கடிதங்கள் தட்டச்சு செய்கிறேன். அதற்கு யாரும் சிரிப்பதில்லை. ஆனால் என் இருபதுகளில் மூன்று வருடம், பல்கலைக்கழகத்தில் ஆற்றைப் பார்த்த ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பிறர் பேச்சைக் கேட்டு எழுதுவதுதான் என் தொழில். அப்படி ஒரு காலம் எனக்கு மறுபடி வாய்க்கவில்லை.

அந்த அறை மிஸ்ஸினுடையது. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், விரிவுரையாளர். மனிதர்கள் ஒருவரோடொருவர் எப்படிப் பேசுகிறார்கள் என்பதை ஆராய்ந்தவர். என்ன பேசுகிறார்கள் என்பதல்ல, எப்படி என்பதுதான் அவருக்கு முக்கியம். யார் முதலில் வாய் திறக்கிறார், யார் எங்கே குறுக்கே விழுகிறார், எந்த இடத்தில் ஒருவர் ‘ம்’ என்கிறார், அந்த ‘ம்’முக்குப் பிறகு எவ்வளவு நேரம் அமைதி. அமைதியை விநாடியில் பத்திலொரு பங்குவரை அளந்து அடைப்புக்குறிக்குள் போடவேண்டும். மூச்சு இழுத்தால் அதற்கு ஒரு குறி, சிரிப்பை அடக்கினால் அதற்கு ஒரு குறி. முதல் வாரம் எனக்குத் தலை சுற்றியது.

அந்த நாட்களில் மிஸ் ஒரு அரசாங்க கிளினிக்கில் ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தார். தேயிலைத் தோட்டத்து ஆட்கள் டாக்டரிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்பதுதான் ஆய்வு. சம்மதித்தவர்களுடைய பேச்சு மட்டும் மேசைமேல் வைத்த சிறிய கருவியில் பதிவாகும். அவர்கள் பேச்சு விளங்குகிற ஓர் ஆள் வேண்டும் என்று தேடியபோது நான் அகப்பட்டேன். நான் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. உயர்தரம் படித்துவிட்டு, வேலை கிடைக்காமல், டவுனில் ஒரு சின்னம்மா வீட்டில் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த அறையை இப்போது நினைத்தாலும் மனம் அங்கேயே போய் உட்கார்ந்துவிடுகிறது. ஒரு பழைய அலுமாரி, கால் ஆடுகிற ஒரு கதிரை, மின்கேத்தல், இரண்டு கோப்பை. ஜன்னலைத் திறந்தால் குரங்கு வந்து சோற்றுப் பார்சலைத் தூக்கிக்கொண்டு போய்விடும், மூடினால் வேர்க்கும். மழை பிடித்தால் கூரைச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. அப்போது மிஸ் பேனாவை வைத்துவிட்டு, “சரி, மழை கதைக்கட்டும், நாங்கள் தேத்தண்ணி குடிப்பம்” என்பார். கண்டியில் மழைக்கா பஞ்சம், நாங்கள் நிறையத் தேநீர் குடித்தோம்.

முதல் மாதமே மாட்டிக்கொண்டேன். நான் எழுதிக் கொடுத்த தாளில் ஒரு கிழவர், “எனக்கு இரண்டு நாட்களாக வயிறு வலிக்கிறது” என்று சொல்லியிருந்தார். மிஸ் பதிவையும் கேட்டார், தாளையும் பார்த்தார்.

“உம்மடை ஆக்கள் இப்பிடியோ கதைக்கிறவை?”

“இல்ல மிஸ். ‘ரெண்டு நாளா வவுத்த நோவுதுங்க’ன்னுதான் சொன்னாரு.”

“அப்ப ஏன் அவரின்ரை வாயைக் கழுவி விட்டனீர்?”

எனக்கு முகம் சுருங்கிப்போனது. பள்ளிக்கூடத்தில் என் பேச்சைக் கேட்டுப் பின்வரிசை வாங்கில் இருந்து சிரித்தவர்களை நினைத்துத்தான் அப்படித் திருத்தினேன் என்று எப்படிச் சொல்வது? சொல்லாமலே அவருக்கு விளங்கியது. “பிழையான தமிழ் எண்டு ஒண்டும் இந்த அறைக்குள்ளை இல்லை” என்றார். படித்த ஒருவர் வாயிலிருந்து அதை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்று பஸ்ஸில் யன்னலோரம் உட்கார்ந்து காரணம் இல்லாமல் அழுதேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ‘ங்க’வையும் விடாமல் எழுதினேன். கெட்டிக்காரி என்று பெயரும் வாங்கினேன். ஆனால் அதைவிடப் பெரிய பிழை ஒன்றைச் செய்துகொண்டிருந்தேன். அது எனக்கும் தெரியாது, மிஸ்ஸுக்கும் தெரியாது.

அது தெரியவந்தது எங்கள் வீட்டில்தான். ஒரு தீபாவளி முடிந்த கிழமை, மிஸ் தோட்டத்துக்கு வருகிறேன் என்றார். அம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. நாங்கள் குடியிருந்த ஒற்றை அறைக் காம்பராவைக் கழுவி, பக்கத்து வீட்டிலிருந்து கதிரை இரவல் வாங்கி, முறுக்கையும் பிளேன்டீயையும் வைத்துவிட்டு எதிரே நின்றாள். “இருங்கோ அம்மா” என்று மிஸ் சொன்ன பிறகும் பாதிதான் உட்கார்ந்தாள். அரைமணி நேரம் பேசினார்கள். மழையைப் பற்றி, கொழுந்தைப் பற்றி, கோதுமை மா விலையைப் பற்றி. பிறகு மிஸ் எழுந்து, “அப்ப நான் வாறன் அம்மா” என்றார்.

அவர் செருப்பை மாட்டினார். அம்மா வாசல் நிலையில் கையை வைத்துக்கொண்டாள்.

“ஒண்ணுமில்லைங்க மிஸ், சும்மா ஒண்ணு கேக்கலாம்னு. இவ செய்றது வேலதானுங்களா? ஆளுங்க பேசுறத கேட்டு எழுதுறதுக்கா சம்பளம் குடுக்குறாங்க? அதால யாருக்குங்க என்ன பிரயோசனம்?”

எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. மிஸ் கோபிக்கவில்லை. “தெரியாது அம்மா. பாப்பம்” என்றார். அதோடு முடியவில்லை. அம்மா என் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாள், நான் மெலிந்ததைச் சொன்னாள், எனக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்திருப்பதைச் சொன்னாள் (அதை எனக்கே சொல்லியிருக்கவில்லை). தன் முழங்கால் நோவையும் சொன்னாள். கதிரையில் இருந்த நேரத்தைவிட வாசலில் நின்ற நேரம் அதிகம்.

திரும்பி வரும் பஸ் தலாத்துஓயாவுக்குக் கிட்ட வந்ததும் மிஸ் கேட்டார்.

“உங்கடை பக்கம் எல்லாரும் வெளிக்கிடேக்கைதான் விசயத்தைச் சொல்லுவினமோ?”

“ஆமா மிஸ். உக்காந்துகிட்டு கேட்டா காரியத்துக்குன்னே வந்த மாதிரி ஆயிருமே. மரியாதை இல்லையே. போயிட்டு வாறேன்னு சொல்லிட்டு வாசல்ல நின்னுதான் கேப்பாங்க. அதுல என்ன மிஸ்?”

“அந்தப் பதிவுகளிலை நீர் எதிலை நிப்பாட்டுவீர்?”

“போயிட்டு வாறேன்னு சொன்னதும் நிப்பாட்டிருவேன். அதோட பேச்சு முடிஞ்சிருதே.”

சொல்லும்போதே எனக்கு உறைத்தது. ஒரு வருடத்துப் பதிவுகள். ஒவ்வொன்றையும் அந்த இடத்தில் வெட்டியிருந்தேன். யாழ்ப்பாணத்து மிஸ்ஸுக்கு அந்த வழக்கம் தெரியாது. எனக்கோ அது மூச்சு விடுகிற மாதிரி. மூச்சு விடுவதை யாராவது எழுதி வைப்பார்களா? எழுதத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள் என்பது அந்த பஸ்ஸில்தான் ஞாபகம் வந்தது.

மறுநாள் முதற்பதிவிலிருந்து தொடங்கினோம். நல்லகாலம், கருவியை யாரும் உடனே நிறுத்தியிருக்கவில்லை, வாசல்வரை பதிவாகியிருந்தது. கதிரை பின்னால் நகரும் சத்தம். “போயிட்டு வாறேங்க ஐயா.” செருப்புச் சத்தம். அது நிற்கிறது. “ஐயா, இன்னொண்ணுங்க...” அதற்குள் வாசலில் நிற்கிற ஊழியர் உரத்த குரலில் அடுத்த நம்பரைக் கூப்பிடுகிறார். ஒரு சின்ன அமைதி. “ஒண்ணுமில்லைங்க ஐயா.”

ஒன்று, இரண்டு என்றால் பரவாயில்லை. பதிவுக்குப் பதிவு அப்படி. ஆள் எழுந்ததும் நம்பர் கூப்பிடுவது அங்கே வழக்கம், வரிசை நீளம், யாரைக் குறை சொல்ல? ஆனால் காய்ச்சலையும் இருமலையும் உட்கார்ந்துகொண்டு சொன்னவர்கள் வாசலில் நின்று சொல்லவந்தது எதை? ஒரு பெண் “ரத்தம்...” என்ற சொல்லோடு நின்றுவிட்டாள். அன்று மிஸ் தேநீர் போடவுமில்லை, நான் கேட்கவுமில்லை.

மிஸ் அதைப் பெரிய கட்டுரையாக எழுதினார். அதோடு இரண்டு பக்கத்தில் எளிமையான சிங்களத்தில் ஒரு குறிப்பு எழுதி கிளினிக் டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். சொன்னது ஒன்றே ஒன்று: ஆள் வாசலைத் தாண்டும்வரை அடுத்த நம்பரைக் கூப்பிடவேண்டாம். டாக்டர் வயதானவர். குறிப்பை வாசித்து, “இவ்வளவுதானா?” என்று சிரித்து, மேசை லாச்சிக்குள் வைத்தாராம். பிறகு திட்டத்துக்கு வந்த பணம் தீர்ந்தது. நான் வேறு வேலைக்குப் போனேன், கல்யாணம் கட்டினேன், கண்டியிலேயே தங்கிவிட்டேன். மிஸ்ஸை வருடத்துக்கு இரண்டு தடவை போய்ப் பார்ப்பேன்.

அப்படி ஒரு தடவை, போன வருடம் போனபோது, அவர் மேசையில் ஒரு படிவம் கிடந்தது. ஓய்வு பெற இன்னும் சில மாதம்தான். பேராசிரியர் பதவிக்குக் கடைசியாக ஒரு தடவை விண்ணப்பிக்கிறார். எல்லாம் நிரப்பியாயிற்று, ஒரு பெட்டி மட்டும் வெறுமையாக இருந்தது. உமது ஆய்வினால் சமூகத்தில் ஏற்பட்ட தாக்கம் யாது, ஆதாரம் இணைக்கவும்.

“உம்மடை அம்மா கேட்ட அதே கேள்வி” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. வெளிநாட்டில் அவருடைய கட்டுரையைப் படித்தவர்கள் இருந்தார்கள், எடுத்து எழுதியவர்கள் இருந்தார்கள். அது வேறு பெட்டி. இந்தப் பெட்டிக்கு யாருக்காவது ஏதாவது மாறியது என்று ஒரு கடிதம் வேண்டும். “இத்தனை வருசம் என்ன செய்தனான் எண்டு எனக்கே சில நேரம் விளங்குதில்லை” என்றார். அவர் வாயிலிருந்து அப்படியொரு சொல்லை நான் கேட்டதே இல்லை. கோபம்தான் வந்தது, அந்தப் படிவத்தின் மேல்.

“நான் கிளினிக்குக்குப் போய் வாங்கிக்கிட்டு வாறேன் மிஸ்” என்று வாய்விட்டுவிட்டேன்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடவேண்டும். அந்த நாட்களில் என் இடது மார்பில் ஒரு கட்டி இருந்தது. மூன்று மாதமாக. வீட்டுக்காரருக்குத் தெரியாது, அம்மாவுக்குத் தெரியாது, மிஸ்ஸுக்கும் சொல்லவில்லை. குளிக்கும்போது கை படும், கையை எடுத்துவிடுவேன். கிளினிக்குக்குப் போவது கடிதத்துக்காக மட்டும்தான் என்று எனக்கு நானே பலதடவை சொல்லிக்கொண்டேன்.

டாக்டரைப் பார்க்க நம்பர் எடுக்கவேண்டும். எடுத்து, வாசலோர வாங்கில் உட்கார்ந்தேன். வாசலில் நின்ற ஊழியர் கையில் நம்பர் துண்டுகளை வைத்துக்கொண்டு, உள்ளேயிருந்து வருகிறவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் எழுந்தார், அவர் கூப்பிடவில்லை. ஆள் வாசலில் நின்று திரும்பி ஏதோ சொன்னார், அப்போதும் கூப்பிடவில்லை. ஆள் வெளியே வந்து குடையை எடுத்த பிறகுதான் அடுத்த நம்பர். கிட்டப்போய், ஏன் அப்படி என்று கேட்டேன். அவர் அக்குறணை முஸ்லிம், அக்காவை ராத்தா என்பவர்.

“அது இங்க அப்பிடித்தான் ராத்தா. ரெண்டு காலும் வாசலத் தாண்டணும், பொறகுதான் அடுத்த நம்பர்.”

“யாரு சொல்லிக் குடுத்தது?”

“யாரு சொல்ற? எனக்கு முந்தி இருந்தவரும் அப்பிடித்தான் செஞ்சார். அவருக்கு முந்தியும் அப்பிடித்தானாம். ஏன், ஏதும் பிரச்சினையா?”

பிரச்சினை இல்லை என்றேன். அவருடைய கையைப் பிடித்துக் கும்பிடவேண்டும் போல இருந்தது, பைத்தியம் என்று நினைத்துவிடுவார் என்று பேசாமல் வந்து உட்கார்ந்தேன்.

உள்ளே இருந்த டாக்டர் இளம் பெண். நான் சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், அலுமாரியைத் திறந்துகூடப் பார்த்தார். அப்படி ஒரு குறிப்பும் இல்லை. பழைய டாக்டர் எப்போதோ மாற்றலாகிப் போய்விட்டார், இப்போது உயிரோடு இருக்கிறாரோ தெரியாது. தனக்குத் தெரியாத ஒன்றுக்கு எப்படிக் கையொப்பம் போடுவது என்று கேட்டார். நியாயம்தான். நான் அவராக இருந்தாலும் போட்டிருக்கமாட்டேன். நம்பர் எடுத்தீர்களே, உங்களுக்கு என்ன வருத்தம் என்று கேட்டார். கெஸ்ட்ரிக் என்றேன். குளிசை எழுதித் தந்தார்.

எழுந்தேன். “எஹெனங் என்னங்” என்றேன். சிங்களத்திலும் போகிறவர் வருகிறேன் என்றுதான் சொல்வார். வாசலுக்கு வந்தேன். என் கை தானாக நிலையைப் பிடித்தது.

அந்த இடத்தில் என்ன நடக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? எத்தனை பேருடைய செருப்புச் சத்தம் அந்த இடத்தில் நிற்பதைக் கேட்டு எழுதியவள் நான். என் காது நம்பருக்காகக் காத்திருந்தது. கூப்பிட்டால் ஒண்ணுமில்லை என்று சொல்லிவிட்டு ஓடிவிடலாம். கூப்பிடவேண்டும் என்றுகூட ஆசைப்பட்டேன். ஊழியர் என் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். அமைதி. அதை அளந்திருந்தால் பெரிய எண் வந்திருக்கும். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“தவ மொனவத அம்மே?”

வேறென்ன அம்மா என்று அவர் கேட்டது அவ்வளவுதான். நான் சொல்லிவிட்டேன். திரும்பக் கூப்பிட்டு உட்கார வைத்து, கதவைச் சாத்தி, பார்த்து, அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு எழுதித் தந்தார். பிந்தாமல் வந்தது நல்லது என்றார்.

அந்தத் துண்டோடு நேரே மிஸ்ஸின் அறைக்குப் போனேன். புத்தகங்கள் பெட்டிகளில் ஏறிக்கொண்டிருந்தன, அலுமாரி வெறுமையாக வாயைத் திறந்தபடி நின்றது. தேநீர் தந்தார். கடிதம் கிடைக்கவில்லை என்று சொன்னேன், கிளினிக்கில் நம்பர் கூப்பிடும் விதத்தையும் சொன்னேன். “யார் சொல்லித் தந்தது எண்டு அவைக்கே தெரியாதோ?” என்றார். தெரியாது என்றேன். கொஞ்சம் சிரித்தார். “அப்ப ஆதாரம் இல்லை” என்றார். மழையைப் பற்றிப் பேசினோம். வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டார், நல்லாயிருக்கிறார் என்றேன். பிறகு எழுந்து, “போயிட்டு வாறேன் மிஸ்” என்றேன்.

வாசலில் நின்றேன். மிஸ் படிவத்துக்குக் குனியவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

“சொல்லும்” என்றார்.

சொன்னேன். கட்டியைச் சொன்னேன், மூன்று மாதத்தைச் சொன்னேன், வாசல் நிலையைப் பிடித்ததைச் சொன்னேன், நம்பர் கூப்பிடாததைச் சொன்னேன். “கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கேன் மிஸ். ஆதாரம் நான்தான். என்னைய எழுதுங்க. நானே கடிதம் அடிச்சுத் தாறேன்” என்றேன். சொல்லும்போது அழுதுகொண்டிருந்தேன்.

அவர் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. “உம்மடை வருத்தத்தை நான் ஒரு பெட்டிக்குள்ளை எழுதமாட்டன்” என்றார். கையை விடாமலே, “இது எனக்குக் காணும், வேறை ஒண்டும் வேண்டாம்” என்றார்.

அந்தப் பெட்டியை வெறுமையாகவே விட்டு அனுப்பினார். பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. ஓய்வு பெற்று யாழ்ப்பாணம் போய்விட்டார். கட்டியை எடுத்துவிட்டார்கள், மருந்து முடிந்துவிட்டது, தலைமுடி மறுபடி வளர்கிறது.

எல்லாம் முடிந்த பிறகுதான் தோட்டத்துக்குப் போய், கட்டியையும் மிஸ்ஸின் படிவத்தையும் அம்மாவிடம் சொன்னேன். எப்போது சொல்லியிருப்பேன் என்று சொல்லத் தேவையில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, செருப்பை மாட்டியாயிற்று. அம்மா முதலில் என் முதுகில் ஓர் அடி வைத்தாள், பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். ஊருக்குத்தான் உபதேசமா என்று ஏசினாள். அழுது முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“அந்த மிஸ்ஸுக்கு அந்தப் பெரிய பதவி கெடச்சிச்சா?”

“இல்லம்மா.”

“அட பாவமே. ஒங்களாலதான் நான் பொழச்சேன்னு நீ அவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொன்னேம்மா.”

“எப்ப சொன்ன?”

“கௌம்புறப்ப.”

அம்மா தலையை ஆட்டினாள். “அப்ப சரி” என்றாள். பஸ் ஹோர்ன் அடித்தது. நாங்கள் இருவரும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தோம்.